பிஞ்சிலே பறிப்போம்



ஆடி பிறந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேருக்கான பேச்சு வீட்டுக்கு வீடு தொடங்கிவிட்டது. ராஜபாளையத்தில் மலைப்பக்கமிருந்து வருகிற காற்று, மாடியில் காயப்போட்ட வேட்டியை எதிர்வீட்டு மாடியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வெளியூரிலிருந்து தேருக்கு வருகிறவர்களுக்கு எந்த வீட்டில் எத்தனை பாய் போடலாம் என்று கணக்கு நடக்கிற இந்த நேரத்தில், நம் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. இந்த மாத ஆசிரியர் பக்கம் முழுக்க அதற்கான பதில்தான். ஒருவருக்கு எழுத வேண்டிய பதிலை எல்லோருக்குமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. அதில் இந்த மாதமே செய்தாக வேண்டிய ஒரு வேலை இருக்கிறது.

எழுதியவர் ராஜபாளையத்து வாசகி. அமெரிக்காவில் மகள் வீட்டில் சில மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அங்கே பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் இடைவேளையில் தின்ன ஒரு டப்பாவில் பச்சைப் பட்டாணிக் காயைப் போட்டுக் கொடுத்துவிடுவார்களாம். உரிக்க வேண்டியதில்லை, வேகவைக்க வேண்டியதில்லை. தோலோடு அப்படியே கடித்தால் மொறுக்கென்று முறிகிறது, இனிக்கிறது. அதற்குப் பெயர் ‘சுகர் ஸ்னாப்’ என்று மகள் சொன்னாராம். ‘நம்ம ஊரு மண்ணில இது வருமா? வரும்னா விதை எங்க கிடைக்கும்?’ என்பது அவர் கேள்வி.

முதலில் அந்தப் பட்டாணியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நாம் சாதாரணமாக உரித்துக் குருமாவில் போடுகிற பட்டாணியின் தோலுக்கு உட்புறம் காகிதம் மாதிரி ஒரு சவ்வு உண்டு. எவ்வளவு மென்றாலும் அது வாயில் சக்கையாக நிற்கும். அதனால்தான் தோலைத் தூக்கி மாட்டுக்குப் போடுகிறோம். அந்தச் சவ்வு இல்லாத பட்டாணி ஒன்றும் நெடுங்காலமாக இருக்கிறது. தட்டையாக, மெல்லிசாக இருக்கும். சீன உணவகங்களில் நூடுல்ஸுக்கு நடுவே முழுக்காயாகக் கிடக்குமே, அது. 1866-இல் தன் ஆராய்ச்சியை அச்சிட்ட கிரிகோர் மெண்டல், மடத்துத் தோட்டத்தில் பட்டாணியின் ஏழு குணங்களைப் பிரித்துப் பார்த்தாரே, அதில் ஒன்று காயின் வடிவம். சில செடிகளில் காய் உப்பலாக இருந்தது, சிலவற்றில் விதையோடு ஒட்டி ஒடுங்கியிருந்தது. ஒடுங்கிய அந்தக் காய்தான் சவ்வு இல்லாத, தோலோடு தின்னக்கூடிய வகை. பத்தாம் வகுப்பில் நம்மை உருட்டியெடுத்த அந்தப் பாடத்துக்குள்ளே ஒரு சமையல் குறிப்பும் ஒளிந்திருந்தது என்பதை எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், ட்வின் ஃபால்ஸ் என்ற ஊரில், காலட்டின் வேலி விதை நிறுவனத்தில் கால்வின் லாம்போர்ன் என்ற பயிர் விஞ்ஞானி வேலை பார்த்தார். தோல் கனத்துப்போன ஒரு விநோதமான பட்டாணிச் செடி கண்ணில் பட்டது. அதைச் சவ்வு இல்லாத தட்டைப் பட்டாணியோடு ஒட்டுச் சேர்த்தார். தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததில், தோலும் சதைப்பற்றாக, உள்ளே மணியும் உருண்டையாக, இரண்டும் இனிக்கிற ஒரு காய் கிடைத்தது. 1979-இல் அதற்கு அகில அமெரிக்கத் தேர்வுக் குழுவின் தங்கப் பதக்கம் கிடைத்தது. வாசகியின் பேத்தி டப்பாவில் இருப்பது அந்தக் காயின் வாரிசுதான். வயது ஐம்பதைக்கூடச் சரியாகத் தொடவில்லை.

இப்போது கேள்விக்கு வருவோம். நம்ம ஊரில் வருமா?

முளைக்கும். வேரும் பிடிக்கும். ஆனால் பட்டாணி குளிர்நாட்டுப் பிள்ளை. பகல் வெயில் இருபது டிகிரியைச் சுற்றி இருந்தால்தான் அது சந்தோஷமாகப் பூக்கும். முப்பதை நெருங்கினால் பூவை உதிர்த்துவிடும், பிடித்த காயிலும் இனிப்பு ஏறாது. நமக்கு மார்கழி நடுப்பகலே முப்பதை ஒட்டித்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் பட்டாணிக்கு இடம் ஊட்டியும் கொடைக்கானலும்தான். ஏழாயிரம் அடி உயரத்துக் கொடைக்கானலையும் அதற்கப்பால் மேல்மலைக் கிராமங்களையும் தாண்டி அது கீழே இறங்க விரும்புவதில்லை. குளிர்காலத்தில் நம் காய்கறிக் கடைக்கு மலிவாக வந்து குவிகிற பட்டாணி வடக்கேயிருந்து வருவது. ஆசைக்குக் கார்த்திகைக் கடைசியில் நான்கு தொட்டியில் போட்டுப் பார்க்கலாம், காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில். ஒரு கை நிறையக் காய் கிடைத்தால் பேத்திக்குப் படம் எடுத்து அனுப்பலாம். அதற்கு மேல் அதை நம்பிப் பந்தல் போட வேண்டாம் என்பது என் கட்சி.

ஆனால் அவர் ஆசைப்பட்டது எதற்கு என்று யோசித்தால், பட்டாணிக்கு அல்ல என்று தோன்றுகிறது. விதை முற்றாத, நார் ஏறாத, தோலோடு முழுசாகச் சாப்பிடக்கூடிய ஒரு பிஞ்சுக்காய்க்கு. பறித்த சூடு ஆறுவதற்குள் வாயில் போடுகிற அந்தப் புது ருசிக்கு. அது வேண்டுமென்றால் ஐடஹோவுக்குப் போக வேண்டாம். வீட்டுக் கொல்லைக்குப் போனால் போதும். நம்மிடம் அவரை இருக்கிறது.

‘அவரைக்காயா?’ என்று முகம் சுளிக்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் சாப்பிட்டது கடை அவரை. விதை புடைத்து, ஓரம் கறுத்து, நாரை உரித்தால் சணல்கயிறு திரிக்கலாம் போல இருக்கிற காய். அதை வைத்து அவரையை எடைபோடுவது நியாயமில்லை. விற்கிறவர்களையும் குறை சொல்லமாட்டேன். எடைக்கு விற்கிற பொருளை எடை ஏறியபிறகு பறிக்கத்தான் செய்வார்கள். பிஞ்சாகப் பறித்தால் கூடை நிறையாது, கூலி கட்டாது, சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் வாடிவிடும். 1999-இல் மதுரையில் தொடங்கி ஊர் ஊராக வந்த உழவர் சந்தையில், விடிவதற்குள் போய்விட்டால் பக்கத்துக் கிராமத்து விவசாயி முந்தின நாள் சாயங்காலம் பறித்த இளங்காயை வாங்கலாம். ஏழு மணிக்கு மேல் போகிறவருக்கு மிச்சம்தான். பிஞ்சு என்பது ஒரு ரகம் அல்ல, ஒரு பொழுது. அந்தப் பொழுதைப் பிடிக்கக் கொடிக்குப் பக்கத்தில் குடியிருப்பவரால்தான் முடியும். கொல்லைத் தோட்டக்காரர் பெரிய பண்ணையை ஜெயிக்கிற இடம் இது ஒன்றுதான்.

சரி, நடுவோம்.

பந்தல் அவரைக்கு ஆடிப் பட்டம்தான் பட்டம். எந்த மாதத்திலும் காய்க்கிற குத்துச்செடி அவரையை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது. தொட்டியில், மாடியில் வளர்க்கிறவர்களுக்கு அது நல்ல உபகாரம், நான் மறுக்கவில்லை. ஆனால் கொஞ்சம் இடம் இருக்கிறவர்கள் கொடி அவரையைத்தான் போட வேண்டும். வேலியில், முருங்கை மரத்தில், பந்தலில் ஏறி, கார்த்திகையில் ஆரம்பித்து மாசி வரை காய்க்கிற அந்தப் பழைய அவரையின் வாசம் குத்து அவரையில் இல்லை. இது என் நாக்கின் தீர்ப்பு. உங்கள் நாக்கு வேறு சொன்னால் எழுதுங்கள்.

ஒரு அடிக்கு ஒரு அடி குழி. மட்கிய சாணியும் மேல்மண்ணும் கலந்து நிரப்பிக்கொள்ளுங்கள். ராஜபாளையத்தின் மேற்கே, மலையடியில் இருக்கிறவர்களுக்குச் செவல் மண். தண்ணீர் வடிந்துவிடும், கவலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே போகப்போகக் கரிசல். அங்கே குழியை மேடாக அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் நின்று தூர் அழுகிவிடும். குழிக்கு மூன்று விதை, விரல் கணுவளவு ஆழம். முளைத்தபின் நன்றாக இருப்பதில் இரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும்.

விதைக்கும் முன் ஒரு சின்ன வேலை செய்தால் நல்லது. வேளாண்மை விரிவாக்க மையத்தில் ரைசோபியம் பொட்டலம் கிடைக்கும். ஆறிய அரிசிக்கஞ்சியில் அதைக் குழைத்து விதையின் மேல் பூசி, நிழலில் அரைமணி உலர்த்திப் போட்டால், வேரில் முடிச்சுகள் விடும். காற்றில் இருக்கிற தழைச்சத்தை அந்த முடிச்சுகள் பிடித்துக்கொடுக்கும். அதனால் யூரியா பக்கம் போகாதீர்கள். தழைச்சத்து கூடினால் கொடி வீட்டுக் கூரையைத் தாண்டும், இலை தட்டு அகலம் விரியும், பூ மட்டும் வராது.

நம் பக்கத்தில் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, ஆடிக் காற்று. இளங்கொடி பற்றி ஏற ஒரு குச்சி இல்லாவிட்டால் காற்று அதைத் தரையில் போட்டுப் புரட்டிவிடும். தென்னந்தோப்புக்காரர்கள் ஊரில் குச்சிக்குப் பஞ்சமா? மட்டையை நெடுக்காகக் கிழித்து ஊன்றினால் போதும். தேங்காய் மட்டையைத் தூரைச் சுற்றிக் கவிழ்த்துப் போட்டால் ஈரமும் நிற்கும். இன்னொன்று மயில். மலையடி ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1988-இல் நம் மலையில் சாம்பல் நிற அணிலுக்கென்று சரணாலயம் வந்தது, 2021-இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகவும் ஆனது. அணிலும் புலியும் காட்டோடு இருக்கின்றன. மயில் மட்டும் தினமும் காலையில் நம் தோட்டத்துக்கு வருகை தந்து, இரண்டு இலை விட்ட முளையைக் குருத்தோடு கொத்திப் போகிறது. முருகன் வாகனத்தை விரட்டுவதா என்று தயங்குகிறவர்கள், முளைக்கு மேல் பழைய மூங்கில் கூடையைக் கவிழ்த்து வையுங்கள். ஒரு முழம் வளர்ந்துவிட்டால் அது திரும்பிப் பார்க்காது.

கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பக்கக் கிளை பிரியும், பூங்கொத்து கிளையில்தான் வரும். இதுவரை எல்லாம் சுலபம். அடுத்ததுதான் கஷ்டம். காத்திருப்பது.

ஆவணி போகும், புரட்டாசி போகும். கொடி பந்தலை மூடிவிடும். ஒரு பூ இருக்காது. ‘மலட்டுக் கொடி, வெட்டிப் போடு’ என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். வெட்டிவிடாதீர்கள். பந்தல் அவரை வெயிலையோ தண்ணீரையோ வைத்துப் பூப்பதில்லை, இரவின் நீளத்தை வைத்துப் பூக்கிறது. இரவு நீண்டு பகல் குறுகினால்தான் அதற்குப் பூக்கும் எண்ணமே வரும். நம் அட்சரேகையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுத்தான் அதிகம். நாம் கவனிக்கவே கவனிக்காத அந்த ஒரு மணியை, கடிகாரம் இல்லாத ஒரு கொடி கவனித்துக்கொண்டிருக்கிறது. இப்படி இரவை அளக்கிற பயிர்கள், ராத்திரி முழுக்க விளக்கு வெளிச்சம் விழுந்தால் ஏமாந்துபோகும். சோயா வயலில் தெருவிளக்குக்குக் கீழே இருக்கிற செடி மட்டும் பச்சையாகவே நிற்பதை ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே எல்.இ.டி. தெருவிளக்கு நேராக அடிக்கிற மூலையில் பந்தல் போடாதீர்கள். வீட்டுக்குப் பின்பக்கம் இருட்டாக இருக்கிற இடமே அவரைக்கு உகந்தது.

குறுந்தொகையின் 82-ஆம் பாட்டில் ஒரு பெண் தோழியிடம் புலம்புகிறாள், பிரிந்துபோனவன் இந்தப் பருவத்திலும் வரவில்லையே என்று. அவள் சுட்டுகிற பருவம் பனிக்காலம். அதற்கு அடையாளமாக அவள் சொல்வது, மலைச்சாரலில் தினை அறுத்த தாளில் படர்ந்து அவரை பூப்பதை. தினை அறுவடையான பிறகு அதே தட்டையைக் கொழுகொம்பாக்கி அவரையை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். பந்தல் செலவு மிச்சம், நிலத்துக்குத் தழைச்சத்தும் லாபம். கலப்புப் பயிர் என்று இன்று கூட்டம் போட்டுச் சொல்வதை ஒரு காதல் கவிதை போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறது. செண்பகத்தோப்புப் பக்கம் மார்கழிப் பனியில் நடந்துபோகிறவர்கள், வேலியோரம் ஊதாவும் வெள்ளையுமாக அவரை பூத்திருப்பதைப் பார்த்தால் அந்தப் பெண்ணை ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

பூ வந்தபிறகு அசுவினி வரும். மேகமூட்டமும் பனியும் சேர்ந்தால் பூங்காம்பில் கறுப்பாக மொய்க்கும். எறும்பு ஏறி இறங்கினால் அசுவினி வந்துவிட்டது என்று அர்த்தம். ஆரம்பத்திலேயே பார்த்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். பழைய ஆட்கள் விறகடுப்புச் சாம்பலை விடியற்காலையில், பனி ஈரம் இருக்கும்போதே தூவுவார்கள், இலையில் ஒட்டிக்கொள்ளும் என்று. விறகடுப்பு இல்லாதவர்களுக்கு வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும். பூ உதிர்ந்தால் இயற்கை விவசாயிகள் தேமோர்க் கரைசல் அடிக்கிறார்கள். தேங்காய்ப் பாலும் மோரும் சேர்த்துப் புளிக்கவைத்தது. தேங்காய் நம்மிடம் இருக்கிறது, மோருக்குப் பால்கோவா ஊரில் குறைவா? இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக ஆகிவிட்டால் மட்டும் தயவுதாட்சண்யம் வேண்டாம். வெள்ளை ஈ கொண்டுவருகிற தேமல் நோய் அது. அந்தக் கொடியைப் பிடுங்கி அப்புறப்படுத்திவிடுங்கள்.

பறிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விஷயமே அங்கேதான் இருக்கிறது. அவரைப் பூங்கொத்து அடியிலிருந்து மேலே விரிந்துகொண்டு போகும். அதனால் ஒரே காம்பில் அடியில் பறிக்கும் பதத்தில் காய், நடுவில் குழந்தை விரல் அளவுப் பிஞ்சு, நுனியில் பூ என்று மூன்று வயதும் இருக்கும். கொத்தாக உருவக்கூடாது. ஒவ்வொரு காயாகக் காம்பைக் கிள்ளி எடுக்க வேண்டும். பதம் பார்ப்பதற்குக் காயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே விதை பொட்டுப் பொட்டாக நிழலாடினால் பறிக்கலாம். வெளியே புடைத்துத் தெரிந்தால் தாமதமாகிவிட்டது. இரண்டாக மடக்கினால் டக்கென்று முறிய வேண்டும், வளைந்துகொடுத்தால் நார் ஏறிவிட்டது. வாசகியின் சுகர் ஸ்னாப் இதில் நேர் எதிர். மணி உருண்டு திரண்ட பிறகுதான் அதற்கு ருசி. நம் அவரைக்கு மணி திரள்வதற்கு முந்தைய நாள்தான் நாள்.

மூன்று நாளைக்கு ஒரு தரம் பறித்தே ஆக வேண்டும். ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் ‘நீங்களே பறிச்சு எடுத்துக்கங்க’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். இது வெறும் தாராளம் இல்லை, காரியமாகத்தான் சொல்கிறேன். கொடியில் நாலு காய் முற்றிவிட்டால், வந்த வேலை முடிந்தது, விதை வைத்தாயிற்று என்று கொடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். பறிக்கப் பறிக்கத்தான் அது மறுபடி பூக்கும். காலையில் பனி காய்ந்தபிறகு பறியுங்கள். ஈரத்தோடு கொடிக்குள் கைவிட்டால் ஒரு இலையின் நோயை இன்னொரு இலைக்கு நாமே கொண்டுபோய்ச் சேர்ப்போம்.

பறித்ததை அன்றைக்கே சமைத்துவிடுவது உத்தமம். காம்பை விட்டுப் பிரிந்த பிறகும் காய்க்கு மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த மூச்சுக்கு அது தன்னிடமுள்ள சர்க்கரையைத்தான் செலவழிக்கிறது. பட்டாணியானாலும் அவரையானாலும் இது பொதுவிதி.

சமையலுக்கு நான் ரொம்பச் சொல்லப்போவதில்லை. இந்த இதழைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் என்னைவிட நன்றாகச் சமைப்பவர்கள், மீதிப்பேர் நன்றாகக் குறை சொல்பவர்கள். நுனியைக் கிள்ளி இரண்டு ஓரத்து நாரையும் இழுத்துவிடுங்கள், பிஞ்சானாலும். கழுவிய பிறகு நறுக்குங்கள், நறுக்கிவிட்டுக் கழுவாதீர்கள். கடலையெண்ணெயில் கடுகு, உளுந்தம்பருப்பு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை, நாலைந்து சின்ன வெங்காயம். காயைப் போட்டு உப்பைத் தூவினால் அதுவே தண்ணீர் விடும். மேலே கையளவு தெளித்தால் போதும். மூடிவைத்தால் பச்சை மங்கிவிடும் என்று திறந்து வேகவைக்கிறவர்கள் உண்டு, மூடினால்தான் வாசம் நிற்கும் என்கிறவர்களும் உண்டு. நான் முதலில் மூடி, பிறகு திறக்கிற கட்சி. கடைசியில் தேங்காய்த் துருவல். குழம்பு எதுவானாலும் இந்த வெஞ்சனம் ஒத்துப்போகும். சுடுசோற்றில் போட்டு இரண்டு சொட்டு நெய் விட்டால் குழம்பே வேண்டியதில்லை. வீட்டில் தெலுங்கு பேசுகிற ராஜபாளையத்துக்காரர்கள் சிக்குடுகாய் என்று இதையே இன்னும் காரமாக வதக்குவார்கள். கேரட்டும் பீன்ஸும் ‘இங்கிலீஷ் காய்’ என்று திவசச் சமையலில் ஒதுக்கிவைக்கிற ஆசாரமான வீடுகளில்கூட, அவரைக்குத் தடை கிடையாது.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. அமெரிக்கப் பட்டாணி மாதிரிப் பச்சையாகக் கடித்துத் தின்னப் பேத்திக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவரை வெந்தே ஆக வேண்டும். பிஞ்சில் பெரிய ஆபத்து இல்லை. முற்றிக் காய்ந்த அவரை, மொச்சை விதையில் சயனைடு சார்ந்த ஒரு பொருள் உண்டு. ராத்திரி ஊறவைத்து, ஊறின தண்ணீரைக் கொட்டி, திறந்த பாத்திரத்தில் நன்றாகக் கொதிக்கவிட்டு, முதல் தண்ணீரை வடித்துவிட்டால் அது போய்விடும். நம் பாட்டிமார் மொச்சையை அப்படித்தான் வேகவைத்தார்கள். குக்கர் அவசரத்தில் இந்தத் தலைமுறை அதை விட்டுவிடக்கூடாது.

கண்ணில் படாமல் இலை மறைவில் முற்றிப்போன காயைத் தூக்கிப் போட வேண்டாம். உரித்தால் பச்சை விதை. கத்தரிக்காயோடு சேர்த்துப் புளிக்குழம்பு வைத்தால் தேவாமிர்தம். அசைவக்காரர்கள் அதில் நெத்திலிக் கருவாட்டைப் போடுவார்கள். அதைப் பற்றி மேலும் எழுதினால் அலுவலகத்தில் வேலை நடக்காது. பொங்கலன்று காலையில் அவரை, மொச்சை, பூசணி, சிறுகிழங்கு எல்லாம் ஒரே சட்டியில் விழுகிற குழம்புக்கு, உங்கள் கொடியிலிருந்தே பிஞ்சும் முற்றியதுமாக இரண்டு வயது அவரையும் கிடைத்துவிடும். காய்ப்பு மிஞ்சிப்போனால் உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு மாசி வெயிலில் வற்றல் போடலாம்.

அன்புள்ள ராஜபாளையத்து அம்மா, சுகர் ஸ்னாப் விதை எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். இணையத்தில் விற்கிறார்கள், விலை சற்று அதிகம். அதை வாங்குவதும் விடுவதும் உங்கள் விருப்பம். அவரை விதைக்குக் கடைக்குப் போக வேண்டாம். தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவீர்கள் அல்லவா? அங்கே உறவுக்காரர் வீட்டுக் கொல்லையில் வேலிமேல் பழைய கொடி ஏதாவது இருந்ததா என்று விசாரியுங்கள். கோழி அவரை, பட்டை அவரை, ஊதா அவரை என்று வீட்டுக்கு ஒரு ரகத்தை யாராவது ஒரு பெரியம்மா டப்பாவில் போட்டுச் சாம்பல் கலந்து பரணில் வைத்திருப்பார். பத்து விதை கேளுங்கள், கொடுப்பார். அடுத்த வருஷம் திருப்பிக் கொடுக்க, கொடியின் நடுப்பருவத்தில் வருகிற நல்ல கொத்து ஒன்றில் துணி கட்டி அடையாளம் வைத்து, கொடியிலேயே காயவிடுங்கள். முதலில் வருவதும் வேண்டாம், கடைசியில் சோர்ந்து வருவதும் வேண்டாம்.

மற்ற வாசகர்களுக்கும் இதே வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய அவரை விதை இருந்தால், ரகத்தின் பெயர், பூவின் நிறம், காயின் நீளம், யாரிடமிருந்து எப்போது வந்தது என்ற விவரத்தோடு ஒரு சின்ன உறையில் போட்டு நம் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வேண்டும் என்கிறவர்கள் தங்கள் முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறை ஒன்றைச் சேர்த்து அனுப்பினால், இருக்கிறவரை பகிர்ந்து அனுப்பிவைப்போம். ஆடிப் பெருக்குக்குள் வந்து சேர்ந்தால் இந்தப் பட்டத்திலேயே ஊன்றிவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்